ஒரு டின் அரிசியும் ஒரு குரா-குராவும்

அன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரப்பர் தோட்டத்துக்குப் போய், என் மச்சினன்கிட்ட ஒரு பால் டின் அரிசி வாங்கிட்டு வரணும்.

கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு!

அப்போ ஜப்பான்காரன் காலம். மலாயாவுல, எங்க பீடோங் ஊர்ல காலையில மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கு மாத்திச் சாப்பிட ஆசைப்பட்டா அதோட இலை. அரிசியைக் கண்ணால பார்த்தே மாசக்கணக்காச்சு.

மறுநாள் என் மகளுக்கு மொத சோறு ஊட்டணும். ஆறு மாசம் முடியுது. எங்க வழக்கத்துல அந்த மொத வாய் தாய்மாமன் வீட்டு அரிசியா இருக்கணும். தாய்மாமனும் ரகசியமா மலைச்சரிவுல கொஞ்சம் நெல்லு போட்டு, மருமகளுக்குன்னு ஒரு டின் அரிசி எடுத்து வச்சிருந்தான். கொண்டுவந்து குடுக்கிறதுக்குள்ள காய்ச்சல்ல படுத்துட்டான்.

"என் பிள்ளை வாயில மொத மொத கிழங்கு போகக்கூடாதுங்க. அதுக்கப்புறம் ஆயுசு பூரா கிழங்கே தின்னாலும் பரவாயில்ல" அப்படின்னா என் பொண்டாட்டி செல்லம்மா. சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான்.

ரோட்டு வழியாப் போனா ஜப்பான்காரன் சோதனைச் சாவடி இருக்கு. அரிசியோட மாட்டினா அரிசி அவனுக்கு, அறை நமக்கு. அதனால மலைப் பாதை.

"வழி தெரியுமா உங்களுக்கு?"

"எத்தனை தடவை போயிருக்கேன்! நல்லாத் தெரியும்."

போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ரோட்டு வழியா, மாட்டு வண்டியில, தூங்கிக்கிட்டு.

நான் துணிக்கடைச் சிப்பந்திங்க. என் நடையெல்லாம் கல்லாப்பெட்டியிலருந்து அலமாரி வரைக்கும்தான். இப்ப அலமாரியில துணியும் கிடையாது. துணி விக்கிற நானே கோணிச்சாக்குல தைச்ச சிலுவார்தான், அதாங்க கால்சட்டை, போட்டிருந்தேன். நடந்தா தொடை அரிக்கும், நின்னா இடுப்பு அரிக்கும்.

விடிஞ்சதும் கிளம்பிட்டேன். தலையில ஒரு முண்டாசு, இடுப்புக்குப் பின்னால வாழையிலையில கட்டின கிழங்கு.

ரப்பர் பால்மரங்க முடிஞ்சு காடு ஆரம்பிச்சதும் அட்டைங்க வரவேற்பு குடுத்துச்சு. காலைத் தூக்கிப் பார்த்தா ஏழு. அடுத்த காலை நான் பார்க்கவே இல்ல. உப்பு தேய்ச்சா விழுந்துருமாம். உப்பு இருந்தா குழம்புல போட மாட்டேனா!

மூச்சு வாங்க ஒரு வளைவுல திரும்பினேன். பத்தடி தூரத்துல பாறை மேல காக்கி நிறத்துல ஒருத்தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கான்!

ஜப்பான்காரனைப் பார்த்தா குனியணும், குனியலைன்னா அறைதான். ஒரு தடவை வாங்கியிருக்கேன். அவன் 'பக்கேரோ'ன்னு கத்தினான், அதுக்கு அர்த்தத்தைக் கன்னத்துல எழுதிட்டுப் போனான். அன்னிலருந்து வீட்டுல தினமும் குனிஞ்சு பழகுறேன். செல்லம்மா பார்த்துட்டு, "இன்னும் கொஞ்சம் கீழ"ம்பா.

அங்கயே நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சேன். அவன் போன்னு சொல்லணும், நான் நிமிரணும். சொல்லவே இல்ல. நூறு வரைக்கும் எண்ணினேன். இடுப்பு கழண்டுரும் போல இருந்துச்சு. ஓரக்கண்ணால மெதுவாப் பார்த்தேன்.

வால் தெரிஞ்சுது.

பெரிய ஆண் குரங்கு. என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. கொட்டாவி விட்டுச்சு. மறுபடி திரும்பிக்கிச்சு.

அந்த அவமானத்தோட நிமிர்ந்து இடுப்பைத் தடவினேன். கிழங்கைக் காணோம்! நான் இந்தப் பக்கம் மரியாதை பண்ணிக்கிட்டிருந்தப்ப, அந்தப் பக்கம் அதோட சம்சாரம் பொட்டலத்தை அவுத்துக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. குரங்குக்குக் கும்பிடும் போட்டு, சாப்பாட்டையும் குடுத்த ஒரே ஆள் இந்தக் கெடாவுல நானாத்தான் இருப்பேன்.

ஒருவழியாத் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சினன் போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டே கேட்டான்.

"மாமா, மலை வழியாவா வந்தீங்க? ஆச்சரியமா இருக்கு லா! உங்களுக்கு வழி தெரியுமா?"

எல்லாருக்கும் அந்த ஒரு கேள்விதான்!

அவன் பொண்டாட்டி அரிசியைக் கொண்டுவந்தா. ஒரு டின். அதை முகர்ந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்துருச்சு.

"சிலுவார் இடுப்புப் பட்டிக்குள்ள வச்சுத் தைச்சிரலாம் அண்ணே. அவுத்துக் குடுங்க, நான் தைக்கிறேன்."

"நான் துணிக்கடையில எட்டு வருஷம் இருந்தவன்ம்மா. எனக்கே தையலா?"

துணிக்கடையில நான் வெட்டத்தான் செஞ்சேன். தைச்சதே கிடையாது. ஆனா வாயிலருந்து வந்துருச்சே! நூலுக்குப் பதிலா அன்னாசி நாரை ஊசியில கோத்து, விரல்ல நாலு குத்து வாங்கி, ஒரு தையல் போட்டேன். அவ அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஊசியை வாங்கி உள்ள வச்சுட்டா. நல்ல பொண்ணு.

திரும்பி வரும்போது காடே எனக்குப் பழகிப்போன மாதிரி இருந்துச்சு. ஒரு காட்டுக்கோழி பின்னாலயே வந்துச்சு. அப்புறம் ரெண்டு புறா. அப்புறம் இன்னும் மூணு கோழி. எனக்கு ஒரே பெருமை. இந்தக் காட்டுப் பறவைங்களுக்கு நம்ம மனசு தெரியுது பாருன்னு நினைச்சேன். அதுங்ககிட்ட மக கதையெல்லாம்கூட சொல்லிக்கிட்டே நடந்தேன்.

பேச்சுவாக்குல சும்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பாதை நெடுக வெள்ளையாக் கோடு போட்டிருக்கு. கோழிங்க அதைக் கொத்திக்கிட்டே வருதுங்க.

ஐயோ, என் அரிசி!

கத்தினேன், கல்லை எறிஞ்சேன், குப்புற விழுந்து பொறுக்கினேன். நான் ஒண்ணு பொறுக்கினா கோழி நாலு பொறுக்குது. நடுவுல செவ்வெறும்பு வேற சிலுவாருக்குள்ள ஏறி, கோணி அரிச்சு மிச்சம் வச்ச இடத்தையெல்லாம் பார்த்துக்கிச்சு. கடைசியா மிஞ்சினதை அள்ளினா, மூணு பிடி இருந்துச்சு. என் மகளோட சோத்தை நானே காடு நெடுக கோலம் போட்டுட்டு வந்திருக்கேனே!

இனிமே தையலே வேணாம். மூணு பிடியையும் முண்டாசுத் துணியில முடிஞ்சு, தலையில கட்டிக்கிட்டேன்.

கோழியைத் துரத்தின துரத்துல பாதை எங்கயோ போச்சு. ஓடையோரமா இறங்கினேன். அங்க ஒரு ஆமை, மெதுவாப் போயிக்கிட்டிருந்துச்சு. மலாய்ல குரா-குரா. அன்னிக்குக் காட்டுல என்னை விட்டு ஓட முடியாத ஒரே ஜீவன்! பக்கத்து வீட்டுச் சீனர் ஆமைன்னா விடமாட்டார், கொஞ்சம் உப்பாவது குடுப்பார்னு தூக்கிக்கிட்டேன். நல்ல கனம்.

ஓடையோரமாவே இறங்கி, புதரை விலக்கி, ரோட்டுல குதிச்சேன்.

நேரா சோதனைச் சாவடி முன்னால!

காலையிலருந்து எதுக்குப் பயந்து மலையேறினேனோ, அதுக்கு முன்னாலயே வந்து நிக்கிறேன். வழி நல்லாத் தெரியும்னு சொன்னேன்ல!

துப்பாக்கியோட நின்ன ஜப்பான்காரன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"கொரா! கொரா!"

வேற நாளா இருந்தா யோசிச்சிருப்பேன். கையில குரா-குராவோட நிக்கிறவனுக்கு வேற என்ன தோணும்? ஆகா, ஆமையைக் கேக்கிறான்! அதுவும் மலாய்ல கேக்கிறான்!

குடுத்துட்டுத் தப்பிச்சிரலாம். ஆனா குனியணுமே! தலையில முண்டாசு, அதுக்குள்ள அரிசி. குனிஞ்சா அது விழும், குனியலைன்னா அறை விழும்.

ரெண்டு கையாலயும் ஆமையை நெத்திக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு குனிஞ்சேன். முண்டாசு நழுவிச்சு. நழுவி, ஆமை ஓட்டு மேல முட்டி நின்னுருச்சு. என் உசிரும் அங்கதான் நின்னுச்சு.

"கொரா!" மறுபடியும் கத்தினான்.

"குரா-குராதான் துவான், நல்ல குரா-குரா! எடுத்துக்குங்க!" நானும் இருக்கிற மலாயையெல்லாம் போட்டுக் கத்தினேன்.

அப்புறம் பக்கத்துல நின்ன மலாய்ப் போலீஸ்காரர் இருமிக்கிட்டே மலாய்ல சொன்னார்.

"தம்பி, அது ஆளை அதட்டிக் கூப்பிடுறது லா. ஏய்னு அர்த்தம். ஆமையை யாரும் கேக்கல."

அவரே அரைகுறை ஜப்பான் பாஷையில கையை ஆமை மாதிரி அசைச்சு அவனுக்கும் விளக்கினார். ஜப்பான்காரன் என்னைப் பார்த்தான். ஆமையைப் பார்த்தான். அதுவும் அப்பப் பார்த்து தலையை வெளிய நீட்டி அவனைப் பார்த்துச்சு.

சிரிச்சான் பாருங்க! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். அந்தச் சாக்குல நான் நிமிர்ந்து, ஒரு கையால முண்டாசை அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். ஆமையை வாங்கிக்கிட்டு, "கொரா, கொரா"ன்னு அதையே கூப்பிட்டுப் பார்த்தான். என் சிலுவாரை மட்டும் தட்டிப் பார்த்தான். உள்ள எறும்பு இருந்துச்சு, கையை உதறிக்கிட்டு போ போன்னு விரட்டிட்டான்.

நான் ஒரு கையால முண்டாசைப் பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நிக்காம ஓடினேன்.

செல்லம்மா முடிச்சை அவுத்தா. "ஒரு டின்னுன்னுதானே என் தம்பி சொல்லி அனுப்பினான்?"

"மீதியை வழியில சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டேன்."

மறுநாள் சாமி படத்துக்கு முன்னால, சோத்தைக் குழைய மசிச்சு, மகளுக்கு மொத வாய் ஊட்டினோம். நாக்கைச் சப்புக் கொட்டினா. கண்ணை அகலமாத் தொறந்தா. முழுங்கிட்டு, பறவைக்குஞ்சு மாதிரி வாயை மறுபடி தொறந்தா. கிண்ணம் காலியாகுற வரைக்கும் தொறந்துக்கிட்டே இருந்தா. காலியானதும் அழுதா பாருங்க, எங்க ரெண்டு பேருக்கும் தாங்கல.

செல்லம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. "தம்பி போட்ட நெல்லுல இன்னொரு டின்னாவது தேறும். போயிட்டு வந்துருங்க. வழிதான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே!"

நான் அவளுக்கு நேரா நின்னு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சேன்.