அடுத்த சனிக்கிழமைக்கும் போட்ட கையெழுத்து

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்குப் போய் ஒரு தாளைக் காட்டிட்டு வரணும். அஞ்சு நிமிஷ வேலை.

அந்தத் தாளோட கதை முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சுது. பத்தாவது படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கெல்லாம் ஸ்கூல்லயே ஒரு பயிற்சி வச்சிருந்தாங்க. வயசுப் பிள்ளைங்க மனசு ஒடைஞ்சு போகாம எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லித்தர கடலூர்லேருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க.

"தூக்கம் கொறைஞ்சிருக்கா, சரியா சாப்புடலையா, பேச்சு நின்னுபோச்சா, உடனே திமிருன்னு முடிவு பண்ணாதீங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க"ன்னாங்க.

என் பக்கத்துல இருந்த நல்லூர்க்காரர் குனிஞ்சு, "எங்க பையன் பன்னெண்டு மணி நேரம் தூங்கறான் சார். அவனால எனக்குத்தான் தூக்கமில்லை"ன்னார்.

நான் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி தலையாட்டிக்கிட்டிருந்தேன். செராமிக் எஸ்டேட்ல ஃபியூஸ் கட்டை செய்யிற ஒரு கம்பெனியில நான் சூப்பர்வைசர். பீங்கான்ல மயிரிழை விரிசல் இருந்தாக்கூட கண்டுபிடிச்சுத் தூக்கிப் போட்டுடுவேன். பெத்த பொண்ணு மூணு மாசமா சோத்தைப் பெசஞ்சு வச்சிட்டு எழுந்து போறது மட்டும் என் கண்ணுல படலை. அவ்வளவு கூர்மையான கண்ணு.

கடைசியில ஆளுக்கொரு தாள் கொடுத்தாங்க. தேதி போட்டு பதினாலு கட்டம். தினமும் பத்து நிமிஷம் பிள்ளை பேசறதைக் கேக்கணும். குறுக்க பேசக்கூடாது. அறிவுரை கூடாது. பக்கத்து வூட்டுப் பிள்ளையை இழுக்கக்கூடாது. "எங்க காலத்துல" கூடவே கூடாது. கேட்டு முடிச்சா அன்னன்னிக்குக் கட்டத்துல பிள்ளை கையெழுத்து போடும். ஒரு வாரம் கழிச்சு மேடம்கிட்ட காட்டணும்.

பத்து நிமிஷம் வாயை மூடறதெல்லாம் ஒரு வேலையான்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை பொண்ணு சங்கீதாவைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். அவ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டு ஆரம்பிச்சா.

"அப்பா, அந்த நாமக்கல் ஹாஸ்டலு..."

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு பாப்பா. மாமா சீட்டுக்கு சொல்லி வச்சிட்டாரு. ப்ளஸ் டூ அங்க படிச்சாத்தான் டாக்டருக்குப் போவ முடியும்."

"பதினோரு செகண்டுப்பா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

திங்கக்கிழமை, "எனக்கு அங்க போறதை நெனச்சாலே..."ன்னா. "ரெண்டு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு..."ன்னு ஆரம்பிச்சேன். எழுந்துட்டா.

செவ்வாய்க்கிழமை பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு நிமிஷத்தைத் தாண்டிட்டேன். அப்புறம், "எதிர் வூட்டு ரமேஷும் அங்கதான படிச்சான்"னு தானா வந்துடுச்சு.

அடுப்படியிலேருந்து என் வூட்டுக்காரி, "வாயில துணியைக் கட்டிக்கிட்டு உக்காருங்களேன்"னா.

புதன்கிழமையிலேருந்து சங்கீதா உக்காரவே இல்லை. "பரவால்லப்பா, விடுங்க"ன்னுட்டா. தாள் காலியாவே இருக்குது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியில சூளை நோட்டு எழுத உக்காந்தேன். சூளையில சூடு எவ்வளவு இருக்குதுன்னு மணிக்கொரு தரம் பார்த்து எழுத வேண்டிய நோட்டு அது. நான் வாரத்துக்கு ஒரு தரம் உக்காந்து, ஒரே பேனாவுல, ஒரே மூச்சுல எழுதிடுவேன். பல வருஷத்துப் பழக்கம். அந்த ஜோருல கை அப்படியே ஸ்கூல் தாளுக்குத் தாவிடுச்சு.

பேக்கிங் அட்டையில பாப்பா கையெழுத்தை நாலு தரம் போட்டுப் பழகினேன். அஞ்சாவது தரம் அவளே போட்ட மாதிரி வந்துச்சு. அப்பன் கையெழுத்தைத் திருட்டுத்தனமா போட்ட பிள்ளைங்க ஊருக்கு நூறு பேர் இருப்பாங்க. பொண்ணு கையெழுத்தைப் போட்ட அப்பன் விருத்தாசலத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

மறுநாள் ஸ்கூல்ல மேடம் தாளை வாங்கினாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டு மறுபடியும் பார்த்தாங்க.

"இன்னிக்கு என்ன கிழமை சார்?"

"சனிக்கிழமைங்க."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் கேட்டு முடிச்சிட்டீங்களா?"

சூளை நோட்டுப் புத்தி. பதினாலு கட்டத்தையும் நிரப்பி வச்சிருக்கேன்.

அதோட விட்டேனா? "பாப்பாதாங்க ஆர்வத்துல போட்டுட்டா"ன்னேன்.

"அப்படிங்களா"ன்னுட்டு, ஸ்பெஷல் கிளாஸ்ல இருந்த சங்கீதாவைக் கூப்பிட்டு விட்டாங்க. அவ வந்தா. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்.

"இது உன் கையெழுத்தாம்மா?"

அவ தாளைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. இனிமே இந்த ஜென்மத்துல இவ நம்மகிட்ட எதையும் சொல்ல மாட்டான்னு அப்பதான் பயம் வந்துச்சு.

"என்னுதுதான் மிஸ்."

"அடுத்த வாரத்துக்கும் நீயே போட்டியா?"

"அப்பா எப்படியும் கேப்பாருன்னு நம்பிப் போட்டுட்டேன் மிஸ்."

ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

மேடம் ஒண்ணும் ஏமாறலை. புதுத் தாள் ஒண்ணை எடுத்து, என்கிட்ட கொடுக்காம அவ கையில கொடுத்தாங்க.

கிளாஸ் முடியற வரைக்கும் வாசல்லயே நின்னு கூட்டிக்கிட்டுப் போனேன். மணிமுத்தாத்துப் பாலத்துக்கிட்ட, "வண்டியை நிறுத்துங்கப்பா"ன்னா. நிறுத்தினேன்.

பேசினா. அங்க அழுதாக்கூட ஏன்னு கேக்க ஆளில்லைன்னு அந்த ஹாஸ்டல்ல படிச்ச அக்கா ஒருத்தங்க சொன்னதைக் கேட்டதிலேருந்து தூக்கமே இல்லையாம். காலையில எழுந்தாலே வயித்தைப் பெரட்டுதாம். "அங்க முடியலைன்னா நான் யாருகிட்டப்பா சொல்லுவேன்? இங்க சொன்னாலே நீங்க கேக்க மாட்டேங்கறீங்க"ன்னா.

எனக்கு வாய் வரைக்கும் என்னென்னவோ வந்துச்சு. முழுங்கிட்டு நின்னேன். கேக்கக் கேக்க அழுகைதான் வந்துச்சு.

அவ முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. நேரா எதிர்ல இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், சீட்டுக்கு சொல்லி வச்சிருந்த மச்சானுக்குப் போன் போட்டேன்.

"அந்த சீட்டு வேணாம்ப்பா. பாப்பா இங்கயே படிக்கட்டும்."

"என்ன மாமா, புள்ளை டாக்டராவ வேணாமா?"

"மொதல்ல தூங்கட்டும்"னு வச்சிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தா, சங்கீதா வண்டி சீட்டு மேல புதுத் தாளை வச்சு, முதல் கட்டத்துல கையெழுத்து போட்டுக்கிட்டிருந்தா.

நான் போட்டதுதான் இதைவிட லட்சணமா இருந்துச்சு. சொல்லலை.