‘போயிட்டு வர்றேங்க’ என்று சொன்னது தப்பா?

அன்பும் பதவியும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதுவது. நான் நலமா என்பதே சந்தேகமாகிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். நீங்களும் உங்கள் ஆய்வு அலுவலகமும் குறைவின்றி இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனை, “வாங்க அத்தான், சர்வே வேலை, நாலு கேள்வி கேட்டு எழுதினா போதும்” என்று இழுத்துவிட்டது நீங்கள். ஜனங்கள் “வீட்ல யாரும் இல்லீங்க” என்று வீட்டுக்குள் இருந்துகொண்டே சொன்னார்கள். ஒருவர் என்னைக் கண்டதும் சோபாவுக்குப் பின்னால் பதுங்கினார். வழுக்கை மட்டும் வெளியே தெரிந்தது. பங்கேற்பு விகிதம் படுத்துவிட்டதும் பயிற்சி வகுப்பில் நீங்கள் ஒரு உபாயம் சொன்னீர்கள்: முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் சிரித்துக்கொண்டே “போயிட்டு வர்றேங்க” என்று சொல்லுங்கள், அடுத்த தடவை மறுக்க மனசு வராது.

சொன்னேன் மாப்பிள்ளை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், மாடியில் கோடி வீட்டில் சொன்னேன். மறுபடி போனபோது மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. “வந்துட்டீங்களா, ஏன் இவ்வளவு லேட்டு?” என்றார் அந்த அம்மாள். மரியாதை கிடைத்த முதல் வீடு என்று பூரித்துப்போய் உட்கார்ந்து, “வீட்ல மொத்தம் எத்தனை பேருங்க?” என்றேன். “நாலு பேர்” என்றார். எனக்குத் தெரிந்தது அவரும், டிவி பார்க்கும் கணவரும், தலை பின்னிக்கொண்டிருந்த பெண்ணும்தான். “நாலாவது ஆளு?” என்று கேட்டேன். “போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?” என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. கதவோரம் நாலு ஜோடி வீட்டுச் செருப்பு இருந்தது. ஒன்று என் அளவு. அதில் என் கோணல் கட்டைவிரல் அழுந்திய பள்ளம்கூட இருந்தது. அலறியடித்துக்கொண்டு எழுந்தேன், பாழாய்ப்போன நாக்கு பழக்கதோஷத்தில் “போயிட்டு வர்றேங்க” என்று சொல்லித் தொலைத்தது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால், உங்கள் அக்கா கதவுச் சங்கிலியை எடுக்காமலே எட்டிப் பார்த்து, “சர்வேயா? வேண்டாங்க” என்றாள். “அடியே, நான்தான்!” என்றேன். “எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க” என்று சாத்திவிட்டாள். கதவில் வாயை வைத்து, “வீட்ல எத்தனை பேருங்க?” என்று கேட்டுப் பார்த்தேன். “நான் ஒருத்திதாங்க.” குரலில் துளிக் கோபம் இல்லை மாப்பிள்ளை. இத்தனை வருஷத்தில் என்னிடம் கோபமில்லாமல் அவள் பேசியதே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போக்கிடம் இல்லாமல் கோடி வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உடனே புறப்பட்டு வந்து, நான் யாரென்று உங்கள் அக்காவிடம் எடுத்துச் சொல்லி என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த உபாயத்தை இனி யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னதுகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்களுக்காவது நினைவிருக்கும் என்று நம்பும்
அத்தான்

பி.கு.: ஐயா, சிரமப்பட்டு வர வேண்டாம். சாப்பிடக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டேன், எல்லாரும் சௌக்கியம். மேலே உள்ளது என் கையெழுத்துதான் என்கிறார்கள். நீங்கள் எங்களுக்கு எந்த வழியில் உறவு என்று எங்கள் பெண் கேட்கிறாள், தெரிந்தால் எழுதவும்.