பின்வாசலால் பார்சலோனா பார்த்த வெறுங்கோப்பை அண்ணை

ஐரோப்பாக் கண்டத்திலேயே சாப்பாட்டுக் கடைகளைப் பின்வாசல் வழியாகத் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் எங்கள் வெறுங்கோப்பை அண்ணைதான். மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள், மேசை விரிப்பைப் பார்ப்பார்கள், உள்ளே கூட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அண்ணை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஒழுங்கைச் சந்துக்குள் போய், குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்று, கழுவ வருகிற கோப்பைகளைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கோப்பை என்பது சாப்பிடுகிற தட்டை. அது வெறுமையாகத் திரும்பினால் நல்ல கடை. பாதிச் சாப்பாட்டோடு திரும்பினால், முதலாளியே வாசலில் நின்று கும்பிட்டாலும் அண்ணை உள்ளே கால் வைக்கமாட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஒரு பெரிய ஹோட்டலின் அப்வாஷில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். அப்வாஷ் என்றால் பாத்திரம் கழுவுகிற இடம். எனக்கு முப்பதை நெருங்கும் வயது. அண்ணைக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட. வெளியே உலகத்துப் பணக்காரர் எல்லாம் பனியில் சறுக்கி விழுந்துகொண்டிருக்க, உள்ளே நாங்கள் ஆவியில் அவிந்துகொண்டிருப்போம். தள்ளுவண்டியில் எச்சில் கோப்பைகள் வந்ததும் அண்ணை கைரேகை பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்.

“இந்த மேசையில புருசன் பெண்சாதிக்குள்ள ஏதோ சரியில்லை, தம்பி. ரெண்டு கோப்பையிலயும் இறைச்சி அப்பிடியே கிடக்கு. வைன் மட்டும் முடிஞ்சிட்டுது.”

இன்னொரு நாள் தொடப்படாத கோப்பை ஒன்றைப் பார்த்துவிட்டு, “பாவம், ஆரோ காதலிச்ச பிள்ளை கைவிட்டிட்டுது” என்று பெருமூச்சு விட்டார். விசாரித்தால் அந்த விருந்தாளிக்கு வயது எழுபதுக்கு மேல். பல்லுக்குத்து.

எங்கள் ஷெஃப் ஒரு மலை. அவர் கரண்டியைத் தட்டினால் முதலாளியும் திரும்பிப் பார்ப்பார். ஒரு மதியம் அண்ணை ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு நேரே அவரிடம் போய், அரைகுறை ஜெர்மனில், “ஷெஃப், சோஸ் நிக்ஸ் குட்” என்று சொல்லிவிட்டார். ஷெஃப் அண்ணையைக் கழுத்துப் பட்டியில் பிடித்துக் கொண்டுபோய்ப் பனிக்குள் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் கோப்பைகள் கூரையைத் தொடுமளவுக்குக் குவிந்துவிட்டன. வேறு வழியில்லாமல் அவரே போய்க் கதவைத் திறந்தார். அண்ணை தலையில் பனியோடு உள்ளே வந்து தமிழில், “சோஸ் இன்னும் சரியில்லை” என்றார்.

என்ன சொல்கிறான் என்று ஷெஃப் என்னைக் கேட்டார்.

“நன்றி சொல்கிறார்” என்றேன்.

அந்த மாசி மாதம் சுவிஸின் இன்னொரு மூலையில், ரெனானில் இருந்த என் மச்சான் ஹோட்டலுக்கு ஃபோன் எடுத்தான். “ஐயா மோசம் போயிட்டார் மச்சான். எட்டாம் நாள் செலவும் முடிஞ்சுதாம். ஆள் மாறி ஆள் சொல்லி எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்” என்றான். ஊரில் என்னைப் பெற்ற ஐயாவைக் கட்டையில் வைத்துக் கொள்ளி போட்டது யாரோ பெரியப்பா மகன். எனக்குப் போக வழியில்லை. அந்த நேரம் போனவன் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஃபோனை வைத்துவிட்டு வந்து தொடர்ந்து கோப்பை கழுவினேன். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. மச்சம் மாமிசம் விட்டேன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் கழிந்தது, அதற்குப் பிறகும் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. இதைப் பற்றி நான் யாரோடும் கதைக்கவில்லை.

சித்திரையில் பனி உருகினால் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். போர்த்துக்கீசர், ஸ்பானியர், இத்தாலியர் எல்லாரும் ஊருக்குப் போவார்கள். எங்களுக்குப் போக ஊர் இல்லை. ஆளில்லாத கட்டடத்தில் ஊழியர் அறையில் கிடப்போம். அந்த வருடம் அண்ணை வந்து என் கட்டிலில் குந்தினார்.

“தம்பி, லோண்டரியில பிலார் நிக்கிறாவெல்லோ. அவ சொல்லுறா, தங்கட ஊர் பார்சலோனாவில சனம் சாப்பிட்டு முடியக் கோப்பையைப் பாணால துடைச்சுத் திண்டிடுவினமாம். கழுவவே தேவையில்லையாம்.”

“அதுக்கு?”

“பொய் சொல்லுறா எண்டு நினைக்கிறன். போய்ப் பார்ப்பம்.”

ஒரு மனுசி பொய் சொல்கிறாளா என்று பார்ப்பதற்காக இரண்டு நாட்டு வீசா எடுத்தவர் என் அறிவில் இவர் ஒருவர்தான். பிரான்ஸைக் கடக்க ஒன்று, ஸ்பெயினுக்குள் நுழைய ஒன்று. இருவருக்கும் வதிவிட பெர்மிட் இருந்தபடியால் தூதரக வரிசையில் நிற்க முடிந்தது. பார்சலோனாவில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஜெர்மனில் கேட்டார். “டெல்லர்” என்றார் அண்ணை. டெல்லர் என்றால் கோப்பை. அதிகாரி மரியாதையோடு தலையாட்டி, மட்பாண்டக் கலை ஆர்வம் என்று எழுதிக்கொண்டார்.

பார்சலோனாவில் முதல் சங்கடம் நேரம். டாவோஸில் ஊழியர்களுக்குப் பதினொரு மணிக்கே மதியச் சாப்பாடு. இங்கே பன்னிரண்டுக்குக் கதவைத் தட்டினால் கதிரை துடைக்கிறவன் எங்களை நோயாளிகளைப் போலப் பார்த்தான். இரண்டு மணிக்கு முன்னம் யாரும் சாப்பிடுவதில்லை. இரவுச் சாப்பாடு எங்கள் நித்திரை நேரத்துக்குத்தான் தொடங்கும். வாசகர்களில் யாராவது அந்தப் பக்கம் போவதென்றால் மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது சங்கடம் அண்ணை. மரங்கள் நிழல் விரித்த பெரிய வீதியில், சாப்பாட்டுப் படம் போட்ட பலகைகள் வைத்த கடைகள் வரிசையாக இருந்தன. முதல் கடையின் முன்னால் என்னை நிறுத்திவிட்டு அண்ணை ஒழுங்கைக்குள் மறைந்தார். வெகுநேரமாக ஆளைக் காணவில்லை. கடைசியில் முழங்கை வரைக்கும் நனைந்து, சவர்க்கார வாசனையோடு வந்தார்.

“என்ன அண்ணை நடந்தது?”

“வேலைக்கு வந்த ஆள் எண்டு நினைச்சு உள்ளுக்கு இழுத்திட்டாங்கள். ஏப்ரனும் கட்டிவிட்டாங்கள்.”

“இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே.”

“அதுக்குப் பாஷை வேணுமே. அதோட தொட்டி நிறையக் குவிஞ்சு கிடக்குது, பார்த்துக்கொண்டு எப்பிடி நிக்கிறது? எல்லாம் கழுவிப்போட்டுத்தான் வாறன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச சாப்பிடக்கூடாது. முழுக்கப் பாதியோட வருகுது.”

அடுத்த கடையில், இனி வேலையாள் என்று நினைக்கக்கூடாதென்று அவர் பையிலிருந்து எடுத்து மாட்டிய கோட்டையும் கழுத்துப்பட்டியையும் பார்த்துச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார் என்று பயந்துபோனார்கள். குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார்கள், அடுப்படியைக் காட்டினார்கள், வழியனுப்பும்போது ஒரு பாற்கட்டித் துண்டைப் பொதி கட்டிக் கையில் கொடுத்தார்கள். “நல்ல மனிசர். ஆனால் மீனை மிச்சம் விடுறாங்கள்” என்றார் அண்ணை. மூன்றாவது கடையின் பின்வாசலில் ஒரு நாய் இருந்தது. அதைப் பற்றி அண்ணை கடைசிவரை கதைக்கவில்லை. காற்சட்டையின் பின்பக்கம்தான் கொஞ்சம் சொன்னது.

இப்படியே கடற்கரைப் பக்கமாக, மீன்பிடிகாரர் குடியிருக்கும் ஒடுக்கமான தெருக்களுக்குள் வந்து சேர்ந்தோம். மேலே பல்கனிகளில் உடுப்புக் காய்ந்தது. மூலையில் ஒரு சின்னக் கடை. அதைச் சுற்றிச் சுற்றி வந்த அண்ணைக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் கடைக்குப் பின்வாசலே இல்லை. சமையல், கழுவல், வியாபாரம் எல்லாம் ஒரே அறைக்குள் கண் முன்னால் நடந்தன. கடைக்காரி, தடித்த கைகளும் கம்பீரக் குரலும் உள்ள ஒரு அம்மா, எங்கள் தயக்கத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை. இருவரையும் தோளில் பிடித்து அமர்த்திவிட்டார்.

பக்கத்து மேசைக் கிழவர்கள் எங்களை ஒரு கை பார்க்க நினைத்தார்கள் போல. நீண்ட மூக்கு வைத்த ஒரு கண்ணாடிக் கூசாவில் வைன் நிரப்பி நீட்டினார்கள். உதட்டில் படாமல் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்ற வேண்டுமாம். எங்களுக்கு முன்னம் முயன்ற ஒரு வெள்ளைக்காரப் பயணியின் சேட்டு சிவப்பாக நனைந்திருந்தது. கிழவர்கள் அடுத்த சேட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

“என்ன, அண்ணாந்து குடிக்கிறதுதானே” என்றார் அண்ணை. கூசாவைத் தலைக்கு மேலே தூக்கி, கையை இன்னும் நீட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல், நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணும் சிமிட்டிக்கொண்டு குடித்து முடித்தார். செம்பில் வாய் வைத்தால் அடி விழுகிற வீட்டில் வளர்ந்த மனிதரிடம் போய் இந்தப் பந்தயம் பிடித்தது அவர்களின் கெட்டகாலம். கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு தங்கள் கோப்பைகளிலிருந்து எங்களுக்கும் எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்: தக்காளி தேய்த்த பாண், பொரித்த சின்ன மீன், உப்பில் ஊறிய ஒலிவங்காய்.

அதற்குப் பிறகு கடைக்காரி ஒரு பெரிய தட்டைச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே சோறு. கரிக்கறுப்பு.

அண்ணை பதறிப்போனார். “தம்பி, அடிப்பிடிச்சிட்டுது. பாவம் மனிசி, தெரியாமல் கொண்டந்திட்டா. நான் கெதியா உரஞ்சிக் குடுக்கிறன்” என்று சட்டியைப் பிடித்து எழும்பினார். கடைக்காரி இந்தப் பக்கம் இழுக்க, அண்ணை அந்தப் பக்கம் இழுக்க, ஆவி என் முகத்தில் அடித்தது.

“அண்ணை, விடுங்கோ. கணவாய்” என்றேன்.

கணவாய் மீனின் கறுப்பு மையில் வெந்த சோறு. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பிறகு கரண்டியை விட்டுவிட்டுக் கையால் சாப்பிட்டேன். எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியாது. பல்லெல்லாம் கறுப்பாக, கண்ணீரும் மூக்குமாக, நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். “ஐயாவுக்குக் கணவாய் எண்டால் உயிர்” என்றேன். அவர் போனபிறகு அவரைப் பற்றி நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணை கடைக்காரிக்கு விரலைக் காட்டி இன்னொரு சட்டி சொன்னார். பாணில் ஒரு துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, “மாசியில இருந்து உம்மட கோப்பையைக் கழுவினது நான்தானே. அதில இருந்ததைக் கொட்டினதும் நான்தான்” என்றார்.

“அப்ப பிலார் சொன்னது?”

“பிலார் சும்மா தன்ர ஊர்ப் பெருமை கதைச்சவ. எனக்கு ஒரு சாட்டு வேணும். டாவோஸில அந்த அறையில உம்மை வைச்சிருந்தால் சரிவராது எண்டு தெரிஞ்சுது.”

கடைக்காரி கதிரைகளைக் கவிழ்க்கும்வரை நான் ஐயாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தேன். அவருடைய கோபம், சைக்கிள், கடன் வாங்கிப் போட்ட கிணறு எல்லாம் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காமல் கிழவர்களும் கூட இருந்து கேட்டார்கள்.

மிச்ச நாட்களில் எனக்கு வந்த பசியை அண்ணையால் சமாளிக்க முடியவில்லை. காலையில் கரண்டி நிமிர்ந்து நிற்கிற தடிப்பில் சொக்கலேட்டும், அதில் தோய்க்கிற எண்ணெய்ப் பலகாரமும். மதியம் சந்தைக்குள் நின்றபடி கடலையும் கீரையும். மாலையில் ஒரு கடையில் ஒரு வாய், அடுத்த கடையில் ஒரு வாய் என்று நடந்துகொண்டே சாப்பிடுவது. இதையெல்லாம் நான் இன்று போகிறவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அண்ணை பின்வாசல் தேடுவதை விட்டுவிட்டு என் பின்னால் பெருமூச்சோடு வந்தார். “தம்பி, காணும். வயிறு என்னத்துக்கு ஆகும்” என்பார். அடுத்த கடையில் எனக்கு முன்னம் கதிரையை இழுப்பவரும் அவர்தான்.

பிறகு அண்ணை வின்டர்தூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார், கலியாணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார். அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்தால் மனுசிக்கு முன்னம் அவர்தான் விருந்தாளியின் கோப்பையை எட்டிப் பார்ப்பாராம். அது வேறு கதை. எனக்கு அவரை நினைத்தால் ஞாபகம் வருவது திரும்பி வந்த பகல் ரயில்தான். எல்லை தாண்டி, கடவுச்சீட்டைக் கொடுத்து வாங்கி, பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் ஓடத் தொடங்கியதும் அண்ணைக்கு நித்திரை வந்துவிட்டது. வாயைத் திறந்தபடி என் தோளில் சாய்ந்தார். மனிதருக்குத் தலை சரியான பாரம். எதிரே இருந்த பெண் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கை விறைத்து, பிறகு தோளும் விறைத்தது. ஜெனீவா வரும்வரை நான் அசையவில்லை.