ரிதோ முசேயும் எங்கள் வீட்டு மூன்று விளக்குகளும்

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். ஆகவே நான் சொல்வதில் பாதியை நீங்கள் நம்பப் போவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். உலகத்திலேயே வெளிச்சத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்டு, உட்கார் என்றால் உட்காரவும் எழுந்திரு என்றால் எழுந்திருக்கவும் அதைப் பழக்கி வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் முத்தியால்பேட்டைப் பக்கம் சைக்கிளில் வருவார். எல்லோரும் அவரை ரிதோ முசே என்பார்கள்.

ரிதோ என்றால் பிரெஞ்சில் ஜன்னல் திரை. முசே என்றால் ஐயா. பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டால், "பேரு இருட்டுலதான்யா வேணும். வெளிச்சத்துல மூஞ்சி தெரியுதில்ல?" என்பார். அதற்குமேல் யார் கேட்பது?

வெள்ளைக்காரத் துரை வீடுகளில் இருபது வருடம் திரை தைத்து, விளக்குத் துடைத்தவர். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிவிட, முசே எங்கள் பக்கம் திரும்பினார். அதுவரை எங்கள் தெருவில் திரை என்றால் பழைய வேட்டி, விளக்கு என்றால் அரிக்கேன். அந்தத் தெருவுக்குள் கழுத்து வரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டையும், சைக்கிள் பின்னால் துணிச் சுருளும், வைக்கோல் வைத்துக் கட்டிய பல்புப் பெட்டியுமாக இவர் நுழைந்தார். நாய்கள்கூட இரண்டு நாள் குரைக்காமல் யோசித்தன.

யார் கூப்பிட்டாலும் உடனே அளவெடுக்க மாட்டார். மடக்கு ஸ்டூலை நடு அறையில் விரித்து, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். வெயில் எந்த ஜன்னலில் நுழைந்து, எந்தச் சுவரில் ஏறி, எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். வீட்டுப் பெண்கள் அவர் காலைத் தூக்கச் சொல்லிப் பெருக்குவார்கள். ஒரு வீட்டில் அவர் இருப்பதையே மறந்து, வெளியே பூட்டிக்கொண்டு வீராம்பட்டினம் தேருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மனிதர் அதே ஸ்டூலில். "நல்ல காரியம் செஞ்சீங்க. ஆளுங்க இல்லாதப்பதான் ரூமு வாயத் தொறந்து பேசுது" என்றாராம்.

அவர் கேட்கிற கேள்விகளை எந்த வக்கீலும் கேட்டிருக்க மாட்டார். "இங்க மத்தியானம் படுக்கறது யாரு? மல்லாந்தா, ஒருக்களிச்சா?" "இந்த மூலையில புருஷன் பொண்டாட்டி சண்ட வருமா?" "இந்த ரூம்ல யாரு அழுவாங்க?" அழுகிற அறைக்கு மங்கலான பல்பும் படிக்கிற அறைக்குப் பிரகாசமான பல்பும் என்பது அவர் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது.

அரிசி மண்டிக்காரர் ஒருவர் படுக்கையறைக்குச் சிவப்புத் திரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"நோன்! நோன்!" என்று முசே கத்தினார். பிரெஞ்சில் வேண்டாம் என்பதை அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்ததே இல்லை. "காலைல வெயிலு அதுல பட்டா ரூமே பத்திக்கிட்ட மாதிரி இருக்கும். நீ தெனம் பதறிப்போய்தான் எழுந்திருப்ப."

மண்டிக்காரர் கேட்கவில்லை. வேறு தையல்காரரை வைத்துச் சிவப்புத் திரை போட்டார். நான்காம் நாள் காலை, இடுப்புத் துணியை ஒரு கையிலும் தண்ணீர்ச் செம்பை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர் சாப்பிடுகிற கூடத்தில் டியூப்லைட் போட ஆசைப்பட்டார். "தாராளமா போடு. சாம்பாரு பச்சையா தெரியும். வர்ற மாப்பிள்ள, சாம்பார்ல பாசி புடிச்சிருக்குதுன்னு எழுந்துடுவான்" என்றார் முசே. அந்தப் பேச்சோடு வாத்தியார் டியூப்லைட்டை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார். சாம்பாரில் பாசி பார்க்காத மாப்பிள்ளையும் கிடைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அவர் திரைத்துணியைச் சோதிக்கிற முறை. ஜன்னலில் துணியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவரைக் கைதட்டிக் கூப்பிடுவார்.

"அய்யா, ஒரு நிமிஷம். உள்ள இன்னா தெரியுது?"

"ஒரு அம்மா தல வாருறாங்க."

"மெல்லிசு! அடுத்த துணி. இப்ப?"

"அந்தம்மா சீப்ப எடுத்து எறியப் போறாங்க."

முசே அசர மாட்டார். ஒன்றுமே தெரியவில்லை என்று அந்த ஆள் சொன்ன பிறகுதான் கத்திரி எடுப்பார்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்போது நானும் உங்கள் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். வீட்டுக்குக் கரண்ட் வருகிறது, மூன்று விளக்கு போடலாம் என்று முடிவானது. ஒன்று வாசலுக்கு, இரண்டு முன் கூடத்துக்கு என்று பெரியப்பா தீர்மானித்துவிட்டார். அந்தக் காலத்தில் கரண்ட் வாங்குவதே எதிர்வீட்டுக்காரன் பார்ப்பதற்குத்தான்.

போதாததற்கு, கப்பலேறிய ஒரு துரை வீட்டு ஏலத்தில் கரும்பச்சை வெல்வெட் திரை இரண்டு எடுத்து வந்திருந்தார். பன்னிரண்டு அடி உயர ஜன்னலுக்குத் தைத்தவை. எங்கள் ஜன்னல் நான்கு அடி. மிச்சத் துணி தரையில் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. "வெட்டிடலாமேண்ணே" என்று நான் சொன்னதற்கு, "தொரை வீட்டுத் துணிடா. கத்திரி பட்டா மரியாத போயிடும்" என்றார். ஒரு திரை முன் கூடத்தில் தொங்கியது. இன்னொன்று பின்னறை ஜன்னலில். பின்பக்கம் தச்சுப் பட்டறை, எந்நேரமும் ஆட்கள். பெண்பிள்ளை இருக்கிற அறை, மறைவு வேண்டுமே என்று மாட்டியது.

அந்தப் பின்னறையில்தான் உங்கள் அம்மா பூவேலை செய்தாள். சின்னப் பெண்ணாகக் கன்னியர் மடத்தில் கற்றுக்கொண்ட வேலை. மேசை விரிப்பில் கொடியும் பூவும் இலையும் நூலால் போட்டு மடத்துக்கே கொடுப்பாள். மில்லில் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கிடைத்த காலம் அது. மீதி நாள் உலை கொதித்தது அவள் ஊசியால்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வேலை போகிற நிலையில் இருந்தது. கடைசியாகக் கொடுத்த இரண்டு விரிப்பிலும் நிறம் தப்பிவிட்டதாம். "இந்தச் சனிக்கிழமை கொண்டாரது சரியா இல்லன்னா இனிமே நூல் வாங்க வராத" என்று மடத்து மதர் சொல்லிவிட்டார். அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. தனக்குக் கண் கெட்டுப்போகிறது என்று பயந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

வெல்வெட்டுக்கு அழகாக மடிப்பு வைக்கவும், பல்பு மாட்டும் இடத்தைக் குறிக்கவும் பெரியப்பா முசேயைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை வந்தார். கூடத்தில் ஸ்டூலைப் போட்டு வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார்.

"இந்த வீட்ல அழுவறது யாரு?"

"எங்க வீட்ல யாரும் அழுவறதில்ல முசே" என்றார் பெரியப்பா மார்பை நிமிர்த்தி.

"அப்ப மறைவா அழுவறாங்க" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனார்.

அங்கே பட்டப்பகலில் அரிக்கேன் எரிந்துகொண்டிருந்தது. வெல்வெட் போட்ட ஜன்னலில் வெயில் எப்படி வரும்? உங்கள் அம்மா விரிப்பை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். முசே அதை வாங்கி, கொல்லைக் கதவைத் திறந்து வெயிலில் விரித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கொடியில நாலு எல பச்ச, அஞ்சாவது எல நீலம். இன்னா செடி இது?"

அம்மா எழுந்து வந்து பார்த்தாள். பார்த்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் மதர் சொன்னது, சனிக்கிழமை கெடு, கண் போய்விட்டது என்ற பயம் எல்லாம் அழுகையோடு வெளியே வந்தது. பெரியப்பா கூரையைப் பார்த்தார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன்.

முசே இரண்டு நூல்கண்டை எடுத்து வெயிலில் காட்டினார். "இது இன்னா?"

"பச்ச. அது நீலம்."

"கரெக்டு. இப்ப உள்ள வா." அரிக்கேன் பக்கத்தில் வைத்தார். "இப்ப?"

அம்மா விழித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

"ஒன் கண்ணு தங்கமா இருக்குதும்மா. சீமெண்ணெ வெளக்கு மஞ்சள்ல பச்சையும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியும். குருடாப் போனது இந்த ரூமு. ஆக்கினது" என்று திரும்பி, "இந்தத் தொரை!" என்று வெல்வெட்டைக் காட்டினார்.

உடனே வெல்வெட் இறங்கியது. அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, "நீ போய் தச்சன் பட்டறையில நில்லு" என்று என்னை விரட்டினார். போய் நின்றேன். தச்சர்கள் இழைப்புளியை வைத்துவிட்டு அவர்களும் என் கூட நின்றார்கள்.

"இன்னா தெரியுது?"

"வெள்ளத் துணிதான் முசே!" என்று எட்டுப் பேர் சேர்ந்து கத்தினோம்.

"பகல்ல வெளிய வெளிச்சம் ஜாஸ்தி, உள்ள தெரியாது" என்று அவர் ஜன்னலிலிருந்து எல்லோருக்கும் பாடம் நடத்தினார். "உள்ள வெளக்கு போட்டா கத தலகீழ். அப்ப இதுக்கு மேல ஒரு தடிசுத் திர இழுத்துக்கணும். ஒரு ஜன்னலுக்கு ரெண்டு திர!"

"தடிசுத் துணிக்கு எங்க போறது?" என்று பெரியப்பா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. முசே வெல்வெட்டைத் தரையில் விரித்தார், கத்திரியை எடுத்தார்.

"முசே! அது தொரை வீட்டு..."

"அந்தத் தொரைக்கு இத தச்சவனே நான்தான்யா!"

கர்ரென்று வெட்டினார். பெரியப்பா போட்ட சத்தத்தில் பூனை மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பட்டறைக்குக் குடிபோய்விட்டது.

அடுத்தது பல்பு. வாசலுக்கு ஒன்றும் கிடையாது என்றார். "வாசல்ல முனிசிபாலிட்டி கம்பம் நிக்குது. அவன் வெளக்கப் பாத்துக்குங்க." கூடத்துக்குச் சின்னதாக ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, பின்னறைக்கு இருப்பதிலேயே பிரகாசமானது.

"எதுத்த வீட்டுக்காரன் இன்னா நெனப்பான் முசே?" பெரியப்பா முசேயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுப்படியில வெளக்கு இருக்குது, சோத்துல கல்லு இல்லாம சாப்புடறான்னு நெனப்பான்."

பின்னறையில் பல்பை நடுக்கூரையில் தொங்கவிட்டால் தைக்கிற கையின் நிழலே துணியில் விழும், பக்கவாட்டில் வர வேண்டும் என்றார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "ஒன் சம்சாரம் எந்தக் கையில தைக்குது?"

"இது இன்னா கேள்வி முசே? சோத்தாங்கைதான்."

வலது கைக்காரிக்கு இடது பக்கம் வெளிச்சம் என்று இடப்பக்கச் சுவரில் பெருக்கல் குறி போட்டார். அப்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"முசே... நான் பீச்சாங்கையில தைக்கிறவ."

பிறந்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கைதானாம். வீட்டில் அடித்து, சாப்பிடுவதையும் எழுதுவதையும் மாற்றிவிட்டார்கள். ஊசி மட்டும் மாறவில்லை. புகுந்த வீட்டில் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று, யாராவது அறைக்குள் வந்தால் ஊசியை வலது கைக்கு மாற்றிக்கொள்வாளாம். நான் வந்தாலும்.

முசே சுவரில் இருந்த குறியைத் துடைத்தார். வலப்பக்கச் சுவருக்குப் போய்ப் புதிதாகப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கல்யாணமாகி எத்தினி நாளு ஆச்சு?"

"ரெண்டு வருஷம்."

"நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு மணி நேரம் ஆச்சு. எனக்கும் தெரியல, ஒனக்கும் தெரியல. ஆனா எனக்கு ஆறு மணி நேரம்தான்."

 

மறுநாளே வயர்மேன் வந்து, சாக்பீஸ் குறி போட்ட இடத்தில் பல்பை மாட்டினார். அம்மா நீல இலைகளைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். சனிக்கிழமை காலை விரிப்பை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனாள். பெரியப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் இருபது தடவை நடந்தார். பத்து மணிக்கு அவள் திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு மூட்டை. புது நூல், ஒன்றுக்கு இரண்டு விரிப்புத் துணி.

"மதர் இன்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஒண்ணும் சொல்லல மாமா. வராந்தாவுல வெயில்ல காட்டிப் பாத்தாங்க. உள்ள போயி இத எடுத்தாந்து குடுத்தாங்க."

நான் அப்போதே முசேக்கு அவர் பிரெஞ்சிலேயே 'மெர்சி' என்று நன்றி சொல்லக் கிளம்பினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு ஜன்னலில் துணியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"அய்யா, ஒரு நிமிஷம். உள்ள இன்னா தெரியுது?"

மனிதருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. ஜன்னல்களை மட்டும்தான் நினைவு வைத்துக்கொள்வார் போலிருக்கிறது.

"ஒண்ணும் தெரியல முசே."

"சரி, நீ போ" என்று கத்திரியை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவும் பெரியப்பாவும் கூடத்தில் புது நூலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். வெள்ளைத் திரை வழியாக வெயில் பால் மாதிரி இறங்கியிருந்தது. உங்கள் அம்மாவின் பாயில் உட்கார்ந்து, அவள் ஊசியை எடுத்து, இடது கையால் நூல் கோக்கப் பார்த்தேன். விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டேன். எச்சில் தொட்டு, ஒரு கண்ணை மூடி, ஒன்பதாவது தடவையில் நூல் உள்ளே போனது.

"மெர்சி, முசே" என்று அந்த ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.