கோயில் அங்கிளின் நாற்பது மீட்டர்

பூமியின் மேல் நிற்கும் எந்தப் பொருளையும் நம்பாத மனிதர் ஒருவர் மெல்போர்னில் இருந்தார். மலையைக் காட்டினாலும், "போன வருசமும் இது இதிலதான் நிண்டதோ?" என்று கேட்பார். அவர் நம்பியது கோயிலை மட்டும்தான். இலங்கையில் மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக் கத்தோலிக்கர் அவர். அங்கே சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அதனால் ஆபீசில் நாங்கள் வைத்த பெயர் கோயில் அங்கிள். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது, யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. போன மாதம் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இனி இந்தக் கதையைச் சொன்னால் யாருக்கும் வலிக்காது, என்னைத் தவிர.

எங்கள் ஆபீஸ் மல்கிரேவ் புறநகரில். நான் செய்யும் வேலையைச் சொன்னால் என் மனைவியே கொட்டாவி விடுவாள். பழைய கழிவுநீர்க் குழாய் வரைபடங்களை ஸ்கேன் செய்து எங்களிடம் அனுப்புவார்கள். காகிதத்திலிருந்து வந்த அந்தப் படத்துக்குத் தான் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. படத்தில் உள்ள இந்த மூலைதான் தரையில் உள்ள அந்த மூலை என்று நாலைந்து புள்ளிகளை நாம் காட்டிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் படத்தை இழுத்துத் திருப்பி இன்றைய வரைபடத்தின் மேல் உட்கார வைக்கும். எந்தப் புள்ளி எத்தனை மீட்டர் பிசகுகிறது என்றும் பக்கத்திலேயே போட்டுக் காட்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் பெயர் போட வேண்டும். அங்கிளின் படங்களைச் சரிபார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

நாங்கள் ஒரு படத்தைப் பத்து நிமிடத்தில் முடிப்போம். அங்கிளுக்கு அரை நாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அங்கிள், ரோட்டு முனை பளிச்சுன்னு தெரியுதே. அதுல ஒரு புள்ளி வைக்கக் கூடாதா?"

"றோட்டை அகலிப்பாங்கள் தம்பி."

"சரி, அந்த மரம்?"

"தறிப்பாங்கள்."

"வேலி? நூறு வருஷ வேலி அங்கிள்!"

அங்கிள் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எங்கட ஆக்களிட்ட வேலியைப் பற்றிக் கதையாதையும். வேலிக்குக் கால் இருக்கு. வருசத்துக்கு ஒரு சாண் நடக்கும். கோயில்தான் தம்பி அசையாது. கடலுக்குப் போறவன் கோபுரத்தைப் பாத்துத்தான் கரையைப் பிடிக்கிறவன். அது அசைஞ்சால் அவன் வீட்ட வாறதில்லை."

ஒரு தடவை மதிய இடைவேளையில் காரை எடுத்துக்கொண்டு போனவர் மூன்று மணிக்குத்தான் திரும்பினார். படத்தில் இருந்த ஒரு கோயில் இன்னும் நிற்கிறதா என்று நேரில் பார்க்கப் போயிருக்கிறார். நின்றிருக்கிறது, ஆனால் காபிக் கடையாக.

"அப்ப அந்தப் புள்ளி போச்சா அங்கிள்?"

"ஏன் போகுது? உள்ளுக்கு மாதா நிண்டால் என்ன, கோப்பி வித்தால் என்ன, சுவர் அதே இடத்திலதானே நிக்குது. ஒரு கேக்கும் சாப்பிட்டனான். பரவாயில்லை."

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு வேகத்தைப் பற்றிப் பேச இருந்த வாரத்தில்தான், நான் பத்தே நிமிடத்தில் முடித்த ஒரு படத்தை நம்பி யாரோ ஒருவருடைய ரோஜாத் தோட்டத்தைத் தோண்டிவிட்டார்கள். குழாய் பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கிளின் படங்களில் தோண்டிய இடத்திலெல்லாம் குழாய் மரியாதையாகக் காத்திருந்தது. அதன் பிறகு அவரிடம் யாரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. அங்கிள் அடுத்த திங்கட்கிழமை என் மேசையில் ஒரு ரோஜாப் பூவை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

மதியத்தில் அவர் வேறொரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஆறேழு மாதம் கழித்துத்தான் அது என்னவென்று சொன்னார். அவருடைய ஊர்க் கோயில் மூப்பர் நோட்டுத் தாளில் பேனாவால் வரைந்த சேமக்காலைப் படம். சேமக்காலை என்றால் அவர்கள் ஊரில் கல்லறைத் தோட்டம். கோயில், கிணறு, ஒரு பெருக்கமரம், மதில், ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்து எல்லாம் அதில் இருந்தன. வரிசை வரிசையாகச் சின்னச் சிலுவைகள். மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு சிலுவைக்குப் பக்கத்தில் 'ஜெனிற்றா' என்று எழுதியிருந்தது.

"என்ர மகள். நாலு வயது. காய்ச்சல். மரத்தால ஒரு குருசு செய்து வச்சனாங்கள். பிறகு சண்டை வந்து எல்லாரும் வெளிக்கிட்டாச்சு. இப்ப அங்க புல்லுத்தான் இருக்காம். எந்தப் புல்லுக்குக் கீழ எண்டு ஆருக்கும் தெரியாது." தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மனைவியை எங்களிடம் அன்ரி என்றுதான் சொல்வார். "அன்ரிக்கு இருதயம் பலவீனம். ஒருக்காத்தான் பிளேனில போகலாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவவுக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும். வேற ஆரின்ரையோ பிள்ளையிட்ட நான் அவவைக் கூட்டிக்கொண்டு போகேலாது."

அந்தப் படத்தைத்தான் செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உட்காரவில்லை. கிணறு, மரம், மதில் மூலை, ஒழுங்கை வளைவு நான்கும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. கோயில் மட்டும் நாற்பது மீட்டர் விலகி நின்றது.

"கோயில் புள்ளியை எடுத்துடுங்க அங்கிள்," என்றேன்.

அங்கிள் சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தார். "கோயிலை எடுக்கச் சொல்லுறீரோ?"

"மத்த நாலும் சரியா வருதே. நாலு பேரும் ஒரே பொய்யை ஒரே அளவுக்குச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்கள். நீர் எங்கட ஊரில இருக்கேல்லை."

குண்டு விழுந்த கோயிலைத் திருப்பிக் கட்டிவிட்டதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். இருந்த இடத்திலேயே கட்டியதாக எடுத்துக்கொண்டார். பீடத்தை யார் அசைப்பார்கள்? மற்ற நான்கு புள்ளிகளையும் அழித்துவிட்டுக் கோயிலின் நான்கு மூலைகளை மட்டும் வைத்தார். பிழை அரை மீட்டருக்குக் கீழே வந்தது. அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்க வேண்டும். எனக்கு அன்று ஒரு மீட்டிங் இருந்தது.

நவம்பரில், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு இருவரும் போய் வந்தார்கள். திரும்பிய வாரம் அங்கிளை ஆபீசில் இறக்கிவிட வந்த அன்ரி, காரில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்களும் கூட இருந்து பாத்ததெண்டு இவர் சொன்னவர். பிள்ளைக்குப் பக்கத்தில ஒரு மணித்தியாலம் இருந்தனான். இனி எனக்கு ஒரு குறையும் இல்லை."

அங்கிள் போனில் படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் கோயில் வாசலில் அடிக்கல். போர் முடிந்த பிறகான ஆண்டு அதில் வெட்டப்பட்டிருந்தது. பின்னால், கடல் பக்கமாக, புல்லுக்கு நடுவே பழைய சீமெந்துத் தரை ஒன்று. அதே நீளம், அதே அகலம். கடல் ஏறி வருகிறதென்று புதுக் கோயிலை உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். எத்தனை மீட்டர் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்ரி இருந்தது பிள்ளைக்குப் பக்கத்தில் இல்லை. அரை மீட்டருக்காக அரை நாள் செலவழிக்கும் மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? மதியத்தில் அவரோடு உட்காராமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. சித்திரை பிறப்பதற்குள் அன்ரி போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அங்கிள் வேலைக்கு வந்தார். வந்ததும் சேமக்காலைப் படத்தைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"கோயிலை எடும் தம்பி."

"அங்கிள், உங்களுக்கு..."

"அண்டைக்கே தெரியும். மெழுகுதிரியைக் கொளுத்திப்போட்டு நிமிர்ந்தனான், பழைய தரை கண்ணுக்கு முன்னால கிடக்குது. அன்ரி முழங்காலில நிண்டு, மண்ணைத் தடவித் தடவிப் பிள்ளையோட கதைச்சுக்கொண்டிருக்கிறா. 'எழும்பும், நாப்பது மீற்றர் தள்ளி' எண்டு நான் எப்பிடித் தம்பி சொல்லுவன்?"

"அப்புறம்?"

"அடுத்த நாள் அன்ரி படுத்திருக்கேக்க தனியப் போய், கிணத்தடியில இருந்து அடி எண்ணி, குத்துமதிப்பா ஒரு இடத்தில கொளுத்தினனான்." குத்துமதிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

கோயில் புள்ளிகளை எடுத்தேன். கிணறு, மரம், மதில், ஒழுங்கை நான்கையும் திரும்ப வைத்தேன். படம் சத்தமில்லாமல் நகர்ந்து தன் இடத்தில் போய்ப் படுத்தது. மூன்றாம் வரிசை ஓரச் சிலுவையின் மேல் அங்கிள் ஒரு புள்ளி வைத்து 'ஜெனிற்றா' என்று எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. நாற்பது மீட்டர் தள்ளி, அன்ரி முழங்காலில் நின்ற வெறும் புல்லின் மேல் இன்னொரு புள்ளி வைத்தார். அதற்கும் 'ஜெனிற்றா' என்றே எழுதினார்.

"சரிபாரும்," என்றார்.

ஒரு பெயருக்கு ஓர் இடம்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் ஒன்று பிழை, அதைத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை, அங்கிளுக்கும் அது தெரியும்.

இரண்டு புள்ளிகளையும் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தேன்.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு அங்கிள்," என்று சொல்லிவிட்டு, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன்.