பெரியப்பாவுக்கு ஊற்றிய முழுக் கிண்ணம்

அல்மாட்டி,
திங்கள்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

உங்கள் வீட்டாரும் ஆடு குதிரைகளும் நலமாக இருக்க வேண்டும். சித்தப்பாவின் முழங்கால் தேறியிருக்க வேண்டும். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நேற்று நான் சொல்லாமல் விழுங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். "பெரியப்பா, தாடையை இறக்குங்கள்" என்று மறுபடியும் சொல்லவில்லை. "பெரியம்மா, விளக்கை மறைக்காதீர்கள்" என்று கத்தவில்லை. கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றையும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

புகைப்படக் கண்காட்சிக்கு ஒரு முகம் குறைகிறது, புதன்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் சுவரில் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று உங்களிடம் புலம்பியது என் தவறு. "சித்தப்பாவோட அண்ணன் இருக்காரே, அந்த மூஞ்சிய விடவா வேணும்?" என்று அவரை அனுப்பிவைத்தீர்கள். முகம் அருமையான முகம்தான், சித்தி. காற்று அறுத்த மலைச்சரிவு மாதிரி. ஆனால் ஒரின்பசார் பெரியப்பா, ஆலையில் சிறந்த தொழிலாளர்களை மாட்டும் கௌரவப் பலகைக்கு வருஷா வருஷம் படம் எடுத்துக்கொண்டவர். படம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே: மார்பில் பதக்கம், தூக்கிய தாடை, எடுப்பவரின் தோளுக்கு மேலே தெரியும் ஒளிமயமான எதிர்காலம். நேற்றும் பதக்கத்தோடுதான் வந்திருந்தார், ஆனால் என் தோளுக்கு மேலே இருந்தது வெந்நீர்க் குழாய். "சாதாரணமா இருங்க" என்றால் இன்னும் விறைத்தார். "மூச்சு விடுங்க பெரியப்பா" என்றேன். "படம் எடுக்கும்போதா?" என்று திகைத்தார்.

ஒரு பக்கம் மட்டும் விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை விழுங்க ஒரு கறுப்பு அட்டை, பாதி முகம் நிழலில் கரைய வேண்டும் என்று காலையெல்லாம் அமைத்திருந்தேன். குல்யாஷ் பெரியம்மா வந்ததும், "ஏன்டி, மனுஷனுக்குப் பாதி மூஞ்சிதானா? மத்த பாதிக்குக் கரன்ட் போயிருச்சா?" என்றார். "நிழல் வேணும் பெரியம்மா, அதுலதான் ஆழம் தெரியும்." "ஆழமா? இந்த மனுஷன்கிட்டயா? நாப்பது வருஷமா தேடுறேன், எனக்கே தட்டுப்படல" என்றபடி தன் வெள்ளைச் சால்வையைக் கழற்றி, மாட்ட ஆணி இல்லாததால், என் கறுப்பு அட்டையின் மேல் போட்டார். வெள்ளைத் துணி வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது, நிழல் போயிற்று. நான் எடுத்தேன். "தரையிலயா போடச் சொல்ற?" என்று அவர் மறுபடி போட்டார். நான் எடுத்தேன், அவர் போட்டார், கடைசியில் நான்தான் தோற்றேன்.

இதற்கு நடுவில் தேநீர். பெரியம்மா மாவு உருட்டிப் பொரித்த பவுர்சாக் கொண்டுவந்திருந்தார். அது வந்தபின் தேநீர் இல்லாமல் முடியுமா? விருந்தாளிக்கு ஊற்றும் முறைப்படி கால் கிண்ணம் ஊற்றினேன். இரண்டு மடக்கில் தீர்ந்தது, கிண்ணம் நீண்டது, கேமராவை விட்டுவிட்டு ஓடினேன், திரும்பி வருவதற்குள் தாடை எதிர்காலத்துக்குப் போயிருந்தது, அதை இறக்கினேன், கிண்ணம் நீண்டது. இனிக் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டாமே என்று ஒரு தடவை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் குனிந்தேன்.

குனிந்த பிறகுதான் உறைத்தது. முழுக் கிண்ணம் என்றால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே, சித்தி! பெரியப்பா கிண்ணத்தைப் பார்த்தார். தாடை இறங்கியது. தோள் இறங்கியது. பிறகு முதல்முறையாக நேராக என்னைப் பார்த்தார். என் விரல் அழுத்திவிட்டது.

"புரிஞ்சுதும்மா. கிளம்பு குல்யாஷ்" என்றார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. "மெனக்கெட்டு வந்தவங்களுக்கு நல்ல மரியாதைடி" என்று பெரியம்மா பவுர்சாக்கையும் எடுத்துக்கொண்டார். 'அப்படி இல்லை, இருங்கள்' என்பதுதான் நான் சொல்லாத அந்த ஒன்று. வார்த்தை வராமலில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

தேடிய படம் அதுதான். ஆனால் ஒருவரை விரட்டி வாங்கிய முகத்தை அவரைக் கேட்காமல் சுவரில் மாட்ட எனக்கு மனமில்லை. கேட்கவும் முகமில்லை. ஆகவே கண்காட்சி போயிற்று. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள். இனி எந்த உறவினரையும், எவ்வளவு நல்ல முகமானாலும், என்னிடம் அனுப்பாதீர்கள். குறிப்பாக, சால்வை போட்டவர்களை.

உங்கள் அடுப்பு அணையாமலும், வாசல் ஆளற்றுப் போகாமலும் இருக்கட்டும்.

உங்கள் அக்கா மகள்,
மெருயெர்த்

பி.கு. (புதன்கிழமை): நேற்று இதை உறையில் போடும்போது கதவைத் தட்டினார்கள். பெரியம்மா சால்வையை மறந்துவிட்டுப் போயிருந்தார். பெரியப்பா முறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். கணினித் திரையில் அந்தப் படம், மறைக்க நேரமில்லை. நிழல் பக்கத்துக் கண்ணில் சால்வையின் வெளிச்சம் ஒரு கீற்றாக விழுந்திருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் கண்ணே இல்லை.

"யாரு இது?" என்று உள்ளே வந்தார் பெரியப்பா.

"நாப்பது வருஷமா நான் பாக்குறவரு" என்றார் பெரியம்மா. "ஆலைப் பலகையில தொங்கினாரே, அவரைத்தான் எனக்குத் தெரியாது."

முழுக் கிண்ணம் என் சோம்பலால் வந்தது என்று அப்போது சொன்னேன். அவர் படத்தையே வெகுநேரம் பார்த்தார். "பதக்கம் தெரியுதுல்ல? அப்ப மாட்டு" என்றார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். படம் இன்று சுவரில் ஏறிவிட்டது. நேற்று அவர்களுக்குக் கால் கிண்ணமாகத்தான் ஊற்றினேன். இருட்டும் வரை அவர்கள் எழவில்லை.