குடைக்காரி

நான்காவது ஆளும் கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க, பிடிக்கலையா?" என்றார் பல் டாக்டர்.

"படம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். என்னமோ தெரியல, திடீர்னு கடைவாய்ப் பல்லு கூசுது. அப்புறமா வர்றேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கடை திறந்து மூன்று நாளாகிறது. வந்தவர்கள் எல்லாரும் கோப்பையை எடுக்கிறார்கள், கன்னத்தைப் பிடிக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள்.

முப்பத்தைந்து வருடம் பல் பிடுங்கியவர் அவர். பதினைந்து வயதில் நூலகப் புத்தகம் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தார். மழை விட்ட தெரு, நடுவில் மஞ்சள் குடை பிடித்து முதுகு காட்டிப் போகும் ஒரு பெண். வரைந்த ஓவியர் உலகப் புகழ் பெற்றவர், அப்போதே காலமாகியிருந்தார். அன்று விழுந்தவர்தான் டாக்டர், எழுந்திருக்கவேயில்லை. கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைத்துப்போய், அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன்னால் நாலு மணி நேரம் நிறுத்திவைத்தார். அதிலிருந்து அந்த அம்மாளுக்குக் குடைக்காரி என்றாலே ஆகாது.

பல் வைத்தியத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அதே இடத்தில் அந்தப் படம் போட்ட கோப்பை, தலையணை உறை, பை எல்லாம் விற்கும் கடையைத் திறந்தார். அச்சடித்துத் தந்தவர் மனைவியின் அண்ணன், அச்சகக்காரர். ஓவியரின் மகளிடம் முறையாகக் கடிதம் எழுதி அனுமதியும் வாங்கியாயிற்று. "படத்தில் ஒரு கோடுகூட மாறாது. இது சத்தியம்" என்று டாக்டரே அதில் எழுதியிருந்தார். யாரும் கேட்காத சத்தியம் அது.

"ஊருக்கே ஒரே நேரத்துல பல் வலி வருமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வராம என்ன பண்ணும்? முப்பத்தஞ்சு வருஷமா நாற்காலிக்கு நேர் மேல, கூரையில யாரை மாட்டி வெச்சிருந்தீங்க?"

"நோயாளிங்களுக்கு மனசு லேசாகட்டும்னு..."

"லேசாச்சு. நீங்க ஊசி போடும்போதும் அவளைத்தான் பார்த்தாங்க, பல்லைப் புடுங்கும்போதும் அவளைத்தான் பார்த்தாங்க. அவளையே கோப்பையில போட்டு, இதுல குடிங்கன்னா யாருக்குங்க வாய் வரும்?"

டாக்டர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக ஊருக்குக் கலையை ஊட்டியதாக நினைத்திருந்தார். ஊட்டியது வேறு.

மாலையில் அச்சகக்காரர் வந்து ஒரு கோப்பையை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்.

"குடைதான் மாப்பிள்ளை அடையாளம் காட்டுது. மஞ்சளா கண்ணுல குத்துதே. அதை எடுத்துட்டா யாருக்கும் தெரியாது."

"குடையில்லாத குடைக்காரியா, மச்சான்?"

"வித்தா போதும்ல?"

டாக்டர் அரை மனதோடு தலையாட்டினார். மறுநாள் புதுச் சரக்கு வந்தது. குடை போய்விட்டது, குடை பிடித்திருந்த கை மட்டும் முஷ்டி மடக்கி உயர்ந்து நின்றது.

"யாரை அடிக்கப் போறா இவ?" என்று கேட்டாள் ஒரு பெண். தலையணை உறை வாங்கிப்போன இன்னொருத்தி அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் அதில் தலை வைக்க மாட்டேன் என்கிறாராம். ஓய்வுபெற்ற தபால்காரர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார்.

"டாக்டர், நீங்க குறடைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களே, அதே கை."

அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வீடுவரை கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று.

"சரி, கையை எடுத்துரலாம்" என்றார் அச்சகக்காரர்.

"கையில்லாம மொண்டியா நடக்கவா?"

"அப்ப ஆளையே எடுத்துருவோம்."

"அவ இல்லாம அது என்ன படம் மச்சான்?"

"தெரு இருக்குல்ல?"

அலமாரி நிறையத் தேங்கிக் கிடந்த சரக்கை டாக்டர் பார்த்தார். வாய் சரி என்றது. குடைக்காரி போனாள். டாக்டர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. விற்றது. வெறும் ஈரத் தெரு, மூடிய கதவுகள், தேங்கிய நீரில் கொஞ்சம் வெளிச்சம். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் கன்னத்தைத் தொடவில்லை.

"இதைப் பார்த்தா மனசு அடங்குது டாக்டர்" என்று தபால்காரரே நாலு கோப்பை வாங்கினார். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, மரத்துப்போக ஊசி போடாமல் தன் பல்லைத் தானே பிடுங்கிக் கொடுப்பதுபோல இருந்தது டாக்டருக்கு.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. ஓவியரின் மகள், கடையைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சந்தோஷமாம். புதன்கிழமை நேரில் வருகிறாராம்.

புதன் காலையில் டாக்டர் வெறுந்தெருக் கோப்பைகளை எல்லாம் அள்ளிப் பின்னறையில் பூட்டினார். மூலையில் கிடந்த குடைக்காரிகளைத் தூசி தட்டி வரிசையாக நிறுத்தினார். ஒரு கோடும் மாறவில்லை.

பதினோரு மணிக்கு மகள் வந்தார். எண்பதை நெருங்கிய அம்மாள், கையில் ஊன்றுகோல். அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் சலனமே இல்லை.

"எல்லா இடத்துலயும் இவதான்" என்றார் சுரத்தில்லாமல்.

"உங்க அப்பாவோட உயிராச்சேம்மா" என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்தாள். டாக்டர் கோப்பையைப் பார்த்தார். வெறும் தெரு. வீட்டுக்கென்று அவள் ஒன்று எடுத்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. கண்ணால் ஜாடை காட்டினார். அவள் சர்க்கரை வேண்டும் போல என்று நினைத்து, கோப்பையை அம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அம்மாள் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேநீர் மேசையில் சிந்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இன்னும் இருக்கா இது?"

மறைத்துப் பயனில்லை. டாக்டர் பின்னறையைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரைவரை வெறுந்தெருக்கள்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. அவளை அழிச்சது நான்தான். சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன். அந்த மகானோட கைவண்ணத்தையே அழிச்ச பாவி நான். நீங்க என்ன தண்டனை சொன்னாலும் சரி, கடையை இன்னைக்கே மூடிர்றேன்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அப்பா வரைஞ்சது இந்தத் தெருவை மட்டும்தான் டாக்டர். விலை போகலைன்னு அந்தக் குடைக்காரியை வரைஞ்சு சேர்த்தது, படத்துக்கு மரச்சட்டம் போட்ட ஆளு."